தேசநலனுக்கு வக்காலத்து அளித்தது யார்?

சட்டக் கல்லூரி மாணவர்களுக்காக நாங்கள் நடத்திய ஒருநாள் பயிலரங்கில், ஐ.நா. மனித உரிமைக் குழுக்களுக்கு நிழல் அறிக்கை எழுதும் முறையை விளக்கிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “சாதியைப் பற்றி வெளிநாட்டு அவைகளில் பேசுவது நாட்டின் நலனுக்கு எதிரானது ஆகாதா?” என்று கேட்டார். எங்களைச் சீண்டுவதற்காக அவர் கேட்கவில்லை. அவரும் சேரியிலிருந்து படிக்க வந்தவர்தான். அந்த ஐயம் அவரை உண்மையாகவே உறுத்திக்கொண்டிருந்தது. அன்று நாங்கள் சட்டப் பிரிவுகளை அடுக்கிப் பதில் சொன்னோம். அது அவருக்குப் போதவில்லை என்பதை அவர் முகமே காட்டியது. அந்தக் கேள்விக்கு இன்னும் நேர்மையான பதிலைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

தேசநலன் என்ற சொல் நம் பொதுவெளியில் வாதத்தை முடித்துவைக்கும் சொல்லாகப் பயன்படுகிறது. அதைச் சொன்னவுடன் எதிரே இருப்பவர் வாயடைத்துப் போகவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அச்சொல்லைப் பயன்படுத்துவோர் அதன் பொருளை வரையறுப்பது அரிது. ஆகவே, அதை மறைப்பின்றி வரையறுத்த ஒருவரிடம் செல்வோம். 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க வெளியுறவுச் சிந்தனையில் பெரும் செல்வாக்குப் பெற்ற பழமைவாத இராஜதந்திரி ஜார்ஜ் எஃப். கென்னன். எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் மிகச் சிறந்த வடிவில் படித்துவிட்டுத்தான் பதில் எழுதவேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். கென்னனைப் படிக்க வேண்டியதும் அதனால்தான்.

கென்னன் யார்?

1904இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்த கென்னன், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்து, 1920களின் நடுவில் அந்நாட்டு வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ரஷ்ய மொழியிலும் வரலாற்றிலும் ஆழ்ந்த பயிற்சி பெற்றார். 1946 பிப்ரவரி 22 அன்று மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்திலிருந்து அவர் வாஷிங்டனுக்கு அனுப்பிய செய்தி ‘நீண்ட தந்தி’ என்ற பெயரில் வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1947 ஜூலையில் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் ‘எக்ஸ்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரை, சோவியத் ஒன்றியத்தைப் போரின்றிக் கட்டுக்குள் வைப்பது என்ற கொள்கைக்கு அடித்தளம் இட்டது. அதே ஆண்டு, வெளியுறவுத் துறைக்குள் புதிதாக அமைக்கப்பட்ட கொள்கைத் திட்டக் குழுவின் முதல் தலைவரானார். போரால் சிதைந்த ஐரோப்பாவை மீட்டெடுத்த மார்ஷல் திட்டத்தின் சிற்பிகளில் அவரும் ஒருவர்.

1952இல் சோவியத் ஒன்றியத்துக்கான தூதரானார். மாஸ்கோவில் அயல்நாட்டுத் தூதர்கள் வாழும் நிலையை, போர்க்காலத்தில் நாஜிகளிடம் தாம் காவலில் இருந்த நிலையோடு ஒப்பிட்டுப் பேசியதால், சில மாதங்களிலேயே அந்நாட்டுக்குள் திரும்பக் கூடாதவர் என அறிவிக்கப்பட்டார். 1961 முதல் 1963 வரை யூகோஸ்லாவியாவில் தூதராக இருந்தார். எஞ்சிய நீண்ட வாழ்நாளை வரலாற்றாய்விலும் எழுத்திலும் செலவிட்டு, 2005இல் தமது 101ஆம் வயதில் மறைந்தார்.

அரசு ஒரு முகவர்

கென்னனின் சிந்தனை மையத்தை அவரது இரு எழுத்துகளில் காணலாம். 1951இல் வெளியான ‘அமெரிக்கன் டிப்ளமசி’ என்ற நூலில், தம் நாட்டின் வெளியுறவுக் கொள்கை சட்டவாதத்திலும் ஒழுக்கவாதத்திலும் சிக்கிக்கிடக்கிறது என்று குற்றம் சாட்டினார். உலக நாடுகளின் சிக்கல்களை ஒப்பந்தங்களாலும் அறக் கோட்பாடுகளாலும் தீர்த்துவிடலாம் என்று நம்புவது ஆபத்தானது. எதிரியைத் தீயவன் என்று முடிவுகட்டியபின் அவனை முற்றாக அழிக்கும்வரை போர் நிற்காது என்பது அவர் வாதம்.

34 ஆண்டுகள் கழித்து, 1985இன் இறுதியில் அதே ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் வெளிவந்த ‘ஒழுக்கமும் வெளியுறவுக் கொள்கையும்’ என்ற கட்டுரையில் இதைச் சட்ட மொழியிலேயே விளக்கினார். அரசு என்பது முகவர், முதல்வர் அன்று. ஒரு முகவர் தம் சொந்த மனச்சாட்சியின் தூண்டுதலுக்கு ஏற்ப நடக்க முடியாது. தம்மை அமர்த்திய தேசச் சமுதாயத்தின் நலனைத்தான் காக்கவேண்டும். அந்த நலன் மூன்று கூறுகளால் ஆனது: இராணுவப் பாதுகாப்பு, அரசியல் வாழ்வின் சிதையாத ஒருமை, மக்களின் நல்வாழ்வு. இவை எந்த ஒரு தேசமும் இருப்பதற்கே தேவையானவை. ஆதலால் இவற்றை நல்லவை, தீயவை என்று எடைபோட இடமில்லை. பிற நாடுகள் தம் எல்லைக்குள் என்ன செய்கின்றன என்பது, நம் நலனை அது நேரடியாகப் பாதிக்காதவரை, நாம் தீர்ப்புச் சொல்லவேண்டிய விஷயம் அன்று.

இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவது சரியாகாது. எங்களிடம் வரும் கட்சிக்காரருக்காக வாதாடும்போது நாங்களும் இவ்வாறுதான் நடந்துகொள்கிறோம். எங்கள் சொந்த விருப்பு வெறுப்புகளைக் கட்சிக்காரரின் செலவில் நிறைவேற்றிக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை. தம் அறச்சீற்றத்தை ஆற்றிக்கொள்வதற்காகப் பிறர் பிள்ளைகளைப் போர்க்களத்துக்கு அனுப்பும் ஆட்சியாளரைவிட, தாம் வெறும் முகவர் என்பதை உணர்ந்த ஆட்சியாளர் மேலானவர்.

அவர் சரியாகச் சொன்னவை

இந்த நிதானமே கென்னனைப் பல சமயங்களில் தம் நாட்டு அதிகார வர்க்கத்துக்கு எதிராக நிறுத்தியது. ஹைட்ரஜன் குண்டு செய்யும் திட்டத்தை அவர் எதிர்த்தார். 1966 பிப்ரவரியில், செனட்டர் ஃபுல்பிரைட் தலைமையிலான வெளியுறவுக் குழுவின் முன், தொலைக்காட்சி வழியே நாடே பார்த்துக்கொண்டிருக்க, வியட்நாம் போர் அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததன்று என்று சாட்சியம் அளித்தார். 1982இல் வேறு மூவருடன் இணைந்து, அமெரிக்கா அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்று உறுதியளிப்பதை நோக்கி நகரவேண்டும் என எழுதினார். 1997இல், நேட்டோ கூட்டணியை ரஷ்ய எல்லையை நோக்கி விரிவாக்குவது பெரும்பிழை என ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேட்டில் எச்சரித்தார். 2002இல், 98 வயதில், ஈராக் மீது போர் தொடுப்பதற்கு எதிராகப் பேசினார். சனநாயகத்தைக் கொண்டுசேர்ப்பதாகச் சொல்லிக் குண்டு வீசும் அரசியலுக்கு எதிராக வாதாட விரும்புவோருக்கு, இந்தப் பழமைவாதியிடம் எடுத்துக்கொள்ள ஏராளம் உண்டு.

ஆனால், முகவர் ஒருவர் நீதிமன்றத்தில் வந்து நின்றால் நாங்கள் முதலில் கேட்பது அவருடைய வாதத்தை அன்று. அவருடைய வக்காலத்தைக் கேட்போம். யார் கையெழுத்திட்டு உங்களை அமர்த்தினார்கள்? எல்லோரும் கையெழுத்திட்டார்களா, சிலர் மட்டுமா? கென்னனின் கோட்பாடு சறுக்குவது இங்கேதான்.

வக்காலத்தில் இல்லாத கையெழுத்துகள்

1938இல் கென்னன் ஒரு நூலுக்கான வரைவு எழுதினார், அது முற்றுப்பெறவில்லை. அமெரிக்காவைத் தேர்ந்த சிறுபான்மையினர் ஆளவேண்டும் என்றும், கறுப்பின மக்கள், குடியேறியவர்கள், பெண்களில் பெரும்பாலோர் ஆகியோரின் வாக்குரிமை நீக்கப்படவேண்டும் என்றும் அதில் எழுதினார். இளமைக்காலத் தடுமாற்றம் என்று இதை ஒதுக்க முடியாது. அப்போது அவருக்கு வயது 34. பத்தாண்டுகளுக்கு மேல் அரசுப் பணியில் இருந்தவர். பொதுமக்களின் தீர்ப்பின் மீதான ஐயம் அவரது பிற்கால எழுத்துகளிலும் தொடர்ந்தது. 1993இல் வெளியிட்ட நூலில், தேர்தல் அரசியலுக்கு வெளியே நின்று அரசுக்கு ஆலோசனை கூறும் சான்றோர் அவை ஒன்றை முன்மொழிந்தார். குடியேற்றம் குறித்த அச்சத்தையும் பதிவுசெய்தார். 2014இல் அச்சேறிய அவரது நாட்குறிப்புகளில் இனப் பாகுபாட்டுச் சிந்தனை பல இடங்களில் வெளிப்படையாகவே இருக்கிறது.

1948 பிப்ரவரியில் கொள்கைத் திட்டக் குழுவின் தலைவராக அவர் எழுதிய அலுவல் குறிப்பு ஒன்று பின்னாளில் புகழ்பெற்றது. உலக மக்கள்தொகையில் 6.3 விழுக்காடு மட்டுமே கொண்ட அமெரிக்கா, உலகச் செல்வத்தில் ஏறத்தாழ 50 விழுக்காட்டை வைத்திருக்கிறது. இதனால் பிறருடைய பொறாமைக்கு ஆளாவோம். நம் பாதுகாப்புக்குக் குறைவு வராமல் இந்த ஏற்றத்தாழ்வைத் தக்கவைக்கும் உறவுமுறைகளை உருவாக்குவதே நம் பணி என்று அதில் குறிப்பிட்டார். கிழக்காசியாவைப் பொறுத்தவரை மனித உரிமை, வாழ்க்கைத்தர உயர்வு, சனநாயகமாக்கல் போன்ற தெளிவற்ற நோக்கங்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவேண்டும் என்றும் சொன்னார். இக்குறிப்பை முழு உலகுக்குமான திட்டமாகச் சிலர் மேற்கோள் காட்டுவதுண்டு. அவ்வாறு மிகைப்படுத்தத் தேவையில்லை. கிழக்காசியப் பகுதியில் வரும் குறிப்பு அது. அப்படியே படித்தாலும் அதன் பொருள் தெளிவு: ஏற்றத்தாழ்வு ஒரு சொத்து, மனித உரிமை அச்சொத்தின் மீது வைக்கப்படும் வழக்கு.

1971 ஜனவரியில் தென் ஆப்பிரிக்கா பற்றி எழுதியபோதும் இதே பார்வைதான். நிறவெறி ஆட்சிமுறையை அவர் மெச்சவில்லை. அது நீடிக்கத் தக்கதன்று என்பதை அறிந்திருந்தார். ஆயினும் வெளியிலிருந்து தரும் அழுத்தமும் புறக்கணிப்பும் வெள்ளையரை மேலும் இறுகச் செய்யும் என்றும், மாற்றம் உள்ளிருந்தே வரவேண்டும் என்றும் வாதிட்டார். தம்மை ஆளும் சட்டங்களை இயற்றிய நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமையே இல்லாத கறுப்பின மக்களுக்கு ‘உள்ளிருந்து’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்திருக்கும்? அவர்களின் அமைப்புகள் 1960 முதல் தடைசெய்யப்பட்டிருந்தன. மண்டேலா சிறையில் இருந்தார்.

வரலாறு வேறு திசையில் சென்றது. 1986 அக்டோபரில், அதிபர் ரீகனின் மறுப்பாணையைத் தள்ளிவிட்டு, நிறவெறி ஆட்சிக்கு எதிரான பொருளாதாரத் தடைச் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1990 பிப்ரவரியில் மண்டேலா விடுதலையானார். 1994 ஏப்ரலில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது. தடைகளால் மட்டுமே நிறவெறி வீழ்ந்தது என்று நாங்கள் சொல்லமாட்டோம்; அந்த மண்ணின் மக்கள் தந்த குருதியே அதற்கு முதற்காரணம். ஆனால் வெளி அழுத்தம் வேண்டும் என்று கேட்டவர்களே அந்த மக்கள்தான். அவர்கள் கேட்டதைக் கென்னனின் கணக்கேடு பதிவுசெய்யவில்லை.

வியட்நாமில் நிதானம் காட்டியதும் தென் ஆப்பிரிக்காவில் கைகட்டி நிற்கச் சொன்னதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தேசத்தின் நலனைக் கணிக்கும் தகுதி பயிற்சி பெற்ற ஒரு சிலருக்கே உண்டு. கீழிருந்து எழும் அறக் கோரிக்கை அந்தக் கணிப்பைக் குலைக்கும் இரைச்சல் என்பதே அந்த வேர்.

‘உள்நாட்டு விவகாரம்’ என்ற கேடயம்

கென்னன் சொன்ன கோட்பாட்டுக்குச் சட்ட உலகில் வேறொரு பெயர் உண்டு: உள்நாட்டு விவகாரம். ஐ.நா. சாசனத்தின் 2(7) பிரிவு, ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகார வரம்புக்குள் அடங்கும் விஷயங்களில் ஐ.நா. தலையிடாது என்கிறது. அதே சாசனத்தின் 55, 56 பிரிவுகள், இனம், பால், மொழி, மதம் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் மனித உரிமை கிடைக்க உறுப்பு நாடுகள் பாடுபடும் என உறுதி அளிக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறி ஐ.நா. பிறந்த மறு ஆண்டே தொடங்கிவிட்டது. அதைத் தொடங்கிவைத்த நாடு இந்தியா.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்ட வேலைக்காக அங்கே ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட முதல் கூட்டம் அது. அதன்பின் சென்றவர்களில் தமிழும் தெலுங்கும் பேசியோர் பெரும்பகுதியினர்; ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் மீது தென் ஆப்பிரிக்க அரசு சுமத்திய பாகுபாட்டுச் சட்டங்களை எதிர்த்து, 1946இல் இந்தியா ஐ.நா. பொதுச்சபையில் முறையிட்டது. விஜயலட்சுமி பண்டிட் இந்தியத் தரப்பை முன்வைத்தார். தென் ஆப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் 2(7) பிரிவைக் கையில் எடுத்து, இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார். சபை அதை ஏற்கவில்லை. டிசம்பர் 8 அன்று இந்தியாவின் தீர்மானம் நிறைவேறியது.

இதே ஆண்டில் இன்னொரு கடிதப் போக்குவரத்தும் நடந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனு அனுப்பியதை அறிந்த அண்ணல் அம்பேத்கர், அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி அந்த மனுவின் படிகளைக் கேட்டார். அம்மக்களின் நிலையும் தீண்டப்படாதோரின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, இந்தியாவின் தீண்டப்படாத மக்களும் அவ்வழியைப் பின்பற்ற எண்ணுவதாகக் குறிப்பிட்டார். டு பாய்ஸ் ஜூலை 31 அன்று பரிவோடு பதில் எழுதினார். சாதிக்கொடுமையை உலக மன்றத்துக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் அந்நியர் யாரோ புகுத்தியது என்போருக்கு இக்கடிதமே விடை. அதை எழுதியவர் அடுத்த ஆண்டே இந்தியாவின் முதல் சட்ட அமைச்சரானார். அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவுக்கும் தலைமை ஏற்றார்.

1947 அக்டோபரில் டு பாய்ஸும் தோழர்களும் அமெரிக்க இனப் பாகுபாடு குறித்த விரிவான முறையீட்டை ஐ.நா.விடம் அளித்தனர். அமெரிக்கப் பிரதிநிதிகள் அதற்குத் துணைநிற்க மறுத்தனர். சோவியத் ஒன்றியம் அதைப் பிரச்சாரக் கருவியாக்கிக்கொள்ளும் என்ற அச்சம் முன்னின்றது. கென்னன் அப்போது அதே வெளியுறவுத் துறையில் உயர்பதவியில் இருந்தார். அந்த முடிவை அவர் எடுத்தார் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் ‘தேசநலன்’ ஒரு தேசத்தின் குடிமக்களையே அவர்களின் தேசத்துக்கு எதிரானவர்களாகக் காட்டியது இப்படித்தான்.

ஆறாண்டுகளுக்குள் காற்று திசைமாறியது. பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதை எதிர்த்த ‘பிரவுன் எதிர் கல்வி வாரியம்’ வழக்கில், அமெரிக்க அரசு 1952 டிசம்பரில் நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாக மனு அளித்தது. இனப் பாகுபாடு அயலுறவுகளில் நாட்டுக்குத் தீங்கு விளைவிக்கிறது என்று வெளியுறவு அமைச்சர் அச்சிசன் எழுதிய கடிதம் அம்மனுவில் இடம்பெற்றது. 1954 மே 17 அன்று, அத்தகைய பிரிவினை செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகின் முன் முறையிட்டவர்கள் நாட்டுக்குத் துரோகம் செய்யவில்லை. நாட்டின் நலன் எது என்பதை அரசுக்கே கற்றுக்கொடுத்தார்கள்.

அண்ணலின் கணக்கு

இங்கே மாணவத் தோழர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வெளியுறவில் முழக்கங்களை நம்பாதவர்கள் எல்லோரும் கென்னன்கள் அல்லர். அண்ணல் அம்பேத்கரும் முழக்கங்களை நம்பாதவர். 1951இல் அமைச்சரவையிலிருந்து விலகியபோது அவர் அளித்த அறிக்கையில், நேருவின் வெளியுறவுக் கொள்கையும் விலகலுக்கான காரணங்களில் ஒன்று. விடுதலை பெற்றபோது நமக்குத் தீங்கு நினைத்த நாடு எதுவுமில்லை. நான்கே ஆண்டுகளில் நண்பர்களை இழந்து நிற்கிறோம் என்றார். ஆண்டுக்கு 350 கோடி ரூபாய் வருவாயில் ஏறத்தாழ 180 கோடியை இராணுவத்துக்கே செலவிடுகிறோம் என்று எண்ணிக் காட்டினார். 1954 ஆகஸ்டில் மாநிலங்களவையில் பஞ்சசீலக் கொள்கையையும் கடுமையாக விமர்சித்தார்.

அறிக்கையின் அந்தப் பகுதியை மட்டும் படித்தால் அவரும் கென்னனும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள் போலத் தோன்றும். ஆனால் அதே அறிக்கையில், பட்டியல் சாதியினர் மீதான பழைய கொடுமையும் பழைய ஒடுக்குமுறையும் அப்படியே தொடர்கின்றன என்பதும் பதிவாகி இருக்கிறது. அண்ணலின் கணக்கேட்டில் இராணுவச் செலவும் சேரியின் நிலையும் ஒரே இடத்தில் எழுதப்பட்டுள்ளன. கென்னன் நலனை மேலிருந்து எண்ணினார். அண்ணல் கீழிருந்து எண்ணினார்.

அதற்கும் முன்பே, 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்புச் சபையில் ஆற்றிய உரையில், அவர் இன்னும் ஆழமான கேள்வியை எழுப்பிவிட்டார். பல்லாயிரம் சாதிகளாகப் பிளவுண்ட மக்கள் எவ்வாறு ஒரு தேசமாக இருக்க முடியும் என்று கேட்டார். சாதிகளே தேசத்துக்கு எதிரானவை என்றார். தேசநலன் என்ற சொல்லில் ‘நலன்’ பற்றித்தான் நாம் எப்போதும் வாதிடுகிறோம். அண்ணல் அச்சொல்லின் முற்பாதியை விசாரித்தார். தேசம் என்பது இன்னும் உருவாக வேண்டியது எனில், அதை உருவாகவிடாமல் தடுப்பதைச் சுட்டிக்காட்டுபவர் தேசத்தின் எதிரியாக இருக்கமுடியாது.

டர்பனுக்குத் திரும்புதல்

2001இல் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு தென் ஆப்பிரிக்காவில் கூடியது. ‘ட்ரூரோ’ கரைசேர்ந்த அதே டர்பனில்தான் கூடியது. சாதிப் பாகுபாட்டை மாநாட்டு ஆவணத்தில் சேர்க்கவேண்டும் என்று இந்தியாவிலிருந்து சென்ற தலித் செயல்பாட்டாளர்கள் கோரினர். சாதி இனம் அன்று, அது உள்நாட்டில் நம் சட்டங்களால் கையாளப்படும் விஷயம் என்று இந்திய அரசு எதிர்த்தது. 1946இல் ஸ்மட்ஸ் தூக்கிய கேடயத்தை, அன்று அதை உடைத்த நாடே எடுத்து அணிந்துகொண்டது.

சட்டப்படி அந்த வாதம் வலுவற்றது. அனைத்து வகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை 1965இல் நிறைவேறியது. இந்தியா 1968இல் அதை ஏற்புறுதி செய்தது. அதன் முதல் பிரிவு இனப் பாகுபாட்டை வரையறுக்கும்போது, இனம், நிறம் ஆகியவற்றோடு ‘வம்சாவளி’யையும் சேர்க்கிறது. அந்தச் சொல்லை வரைவில் சேர்க்க முன்மொழிந்ததே இந்தியாதான். அதைக் கண்காணிக்கும் குழு, வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று 1996இல் இந்தியாவின் அறிக்கையை ஆய்ந்தபோதே கூறியது. 2002இல் தனது 29ஆவது பொதுப் பரிந்துரையில் அதை உறுதிப்படுத்தியது.

2006 டிசம்பர் 27 அன்று டெல்லியில் நடந்த மாநாட்டில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு ஒப்புமை சொல்லவேண்டுமானால் தென் ஆப்பிரிக்க நிறவெறியைத்தான் சொல்லமுடியும் என்று பேசினார். இரண்டே மாதங்களில், 2007 பிப்ரவரியில், ஜெனீவாவில் அதே அரசின் பிரதிநிதிகள் அக்குழுவின் முன் அமர்ந்து, சாதி இந்த உடன்படிக்கையின் கீழ் வராது என்று வாதிட்டனர். டெல்லியில் பேசியவர் தேர்தலில் வாக்களிக்கும் மக்கள் முன் நின்றார். ஜெனீவாவில் பேசியவர்கள் அவர்கள் காணாத இடத்தில் அமர்ந்திருந்தனர். முகவர் தம் கட்சிக்காரர் இல்லாத இடத்தில் வேறு மொழி பேசுகிறார் என்றால், வக்காலத்தைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது.

அந்த மாணவருக்கு

இப்போது, அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்கிறோம்.

கென்னனின் அடிப்படை வாக்கியத்தை நாம் மறுக்கவேண்டியதில்லை. அரசு ஒரு முகவர் என்பது சரி. ஆனால் அந்த முகவருக்கு வக்காலத்து அளித்தவர்களில் நாமும் இருக்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரை ‘இந்திய மக்களாகிய நாம்’ என்றுதான் தொடங்குகிறது. மக்களின் நல்வாழ்வு தேசநலனின் மூன்று தூண்களில் ஒன்று என்று கென்னனே சொல்கிறார். மலக்குழியில் இறங்கி மூச்சடைத்துச் சாகும் தொழிலாளியும், சாதி மறுத்து மணந்ததற்காக வெட்டப்படும் இளைஞனும் அந்த மக்களில் அடங்குவார்கள் எனில், அவர்களுடைய வழக்கைப் பேசுவது தேசநலனைப் பேசுவதே.

பேசுவதற்கு வழியும் நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சர்வதேசச் சட்டத்துக்கும் ஒப்பந்தக் கடமைகளுக்கும் மதிப்பு வளர்க்க அரசு முயலவேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 51ஆவது கூறு. சர்வதேச ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 253ஆவது கூறு நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது. 1997இல் விசாகா வழக்கில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கச் சட்டம் இல்லாத நிலையில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையைத் துணைக்கொண்டு உச்சநீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. அயல்மண்ணில் கையெழுத்தான ஆவணம் இந்திய உழைக்கும் பெண்ணின் கேடயமானதை யாரும் தேசவிரோதம் என்று சொல்லவில்லை.

ஆகவே நிழல் அறிக்கை எழுதும் தோழர்கள் மூன்றைக் கவனத்தில் கொள்ளவேண்டும். முதலாவது, அரசே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட உடன்படிக்கையிலிருந்து தொடங்குங்கள். நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கேட்கிறோம். இரண்டாவது, மிகைப்படுத்தாதீர்கள், முதல் தகவல் அறிக்கை எண், நாள், தீர்ப்பின் நிலை என்று ஆவணத்தோடு பேசுங்கள். மூன்றாவது, நம் துயரத்தைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்த விரும்பும் வல்லரசுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். மனித உரிமையின் பெயரால் போர் தொடுப்போரைப் பற்றிய கென்னனின் எச்சரிக்கை இந்த இடத்தில் நமக்கும் பயன்படும்.

உலகத்தின் முன் நம் வீட்டு அழுக்கைக் காட்டலாமா என்று கேட்கிறார்கள். அந்த வீட்டின் அழுக்கைத் தலைமுறை தலைமுறையாகத் தலையில் சுமந்தவர்கள் நாம். அதைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை உடையவர் யார்?